கண்ணாடித் தொட்டிக்குப் போன ஏரிப்பாசி

தருமபுரி மாவட்டத்து ஏரிகளில் வலை வீசுவோரின் கால்களைச் சுற்றிக்கொள்ளும்போதன்றி எவரும் ஏறிட்டுப் பாராததும், பள்ளி ஆய்வகத்தில் புனலுக்கடியில் கிடந்து பிராணவாயுக் குமிழிகளை விட்டு ஒளிச்சேர்க்கையை மாணவருக்கு மெய்ப்பித்துக் காட்டுவதுமான ஹைட்ரில்லா என்னும் நீர்ப்பாசி, அலங்கார மீன் வர்த்தகத்தின் சரித்திரத்தில் பெரியதோர் அத்தியாயத்துக்கு உரியது.

மீனோடு செடியையும் கண்ணாடித் தொட்டியில் வாழவைக்கும் வழக்கத்துக்குச் சாஸ்திர ஆதாரம் தேடித் தந்தவர் லண்டன் ரசாயன அறிஞர் ராபர்ட் வாரிங்டன். 12 காலன் கொள்ளும் பாத்திரத்தில் இரண்டு தங்கமீன்களையும் வாலிஸ்னேரியாச் செடியையும் வைத்து, மீனின் சுவாசத்தால் கெடும் நீரைச் செடி சுத்தி செய்வதையும், அழுகிய இலைகளை நத்தைகள் தின்று தீர்ப்பதையும் கண்டு, 1850இல் அவர் வெளியிட்டார். அதன்பின் தொட்டிச் செடிகளுக்கென்றே கடல் கடந்த வாணிபம் வளர்ந்தது.

அந்த வாணிபத்தின் வழியே, 1950களின் தொடக்கத்தில், அமெரிக்காவின் செயின்ட் லூயிஸ் நகரத்து மீன் வியாபாரி ஒருவர் கொழும்பிலிருந்து ஹைட்ரில்லாவைத் தருவித்து, 'இந்திய நட்சத்திரக் கொடி' என்ற அழகிய நாமத்துடன் புளோரிடாவின் டாம்பாவிலிருந்த மற்றொரு வியாபாரிக்கு அனுப்பினார். சரக்கு திருப்தியளிக்காமையால் டாம்பா வியாபாரி அதைத் தம் கடையருகிலிருந்த கால்வாயில் எறிந்துவிட, சில மாதங்களில் அது அங்கே செழித்து நின்றது. அவ்வாறு சென்றது பெண்கொடி மட்டுமே. ஆண்பூவும் விதையும் இன்றி, ஒடிந்த துண்டுகளாலும் சேற்றினுள் உறங்கும் கிழங்குகளாலுமே அது பெருகி, 1960க்குள் கிரிஸ்டல் ஆற்றையும் மயாமிக் கால்வாயையும் அடைந்து, நாளடைவில் படகுகள் செல்லவியலாதபடி நீர்நிலைகளை அடைத்து, சட்டத்தால் விலக்கப்பட்ட களையாயிற்று. செடியின்மேல் பழி சுமத்துவது தர்மமன்று என்பதே என் துணிபு. வாழ்வதையன்றி அது செய்த அபராதம் யாது?

ஏற்றிய துறைமுகம் கொழும்பாயினும், 1997இல் அமெரிக்க ஆராய்ச்சியாளர் வெளியிட்ட மரபணு ஒப்பீட்டில், அந்தப் பெண்கொடிக்கு மிக நெருங்கிய உறவாகத் தென்பட்டது பெங்களூரில் சேகரித்த மாதிரியே. தருமபுரியாருக்கு அது அயலூர்ச் செய்தியன்று: பெங்களூரின் கிழக்குப்புறத்து ஏரிகள் வழிந்தால் அந்நீர் தென்பெண்ணையிற் சேர்ந்து கிருஷ்ணகிரியைக் கடந்து இம்மாவட்டத்துள் புகுகிறது; மேற்குப்புறத்து நீரோ அர்க்காவதி வழியே காவிரியிற் கலந்து ஒகேனக்கலில் வந்து விழுகிறது.