கட்டவிழ்த்த வழக்கறிஞர்

அரசு வழக்கறிஞரின் கடமை எது? குற்றம் சாட்டப்பட்டவனை எவ்வாறேனும் சிறைக்கு அனுப்புவதா? உண்மையைக் கண்டறிவதா? விடை காண நாம் அமெரிக்காவின் டெக்சாஸ் மாநிலத்துக்குச் செல்வோம்.

அங்கே மாவட்ட அரசு வழக்கறிஞரை மக்களே வாக்களித்துத் தேர்ந்தெடுக்கின்றனர். டல்லஸ் மாவட்டத்தில் 1951 முதல் 1987 வரை, 36 ஆண்டுகள், அப்பதவியில் வீற்றிருந்தவர் ஹென்றி வேட். தண்டனை வாங்கித் தருவதில் தளராதவர் என்று பெயரெடுத்தவர். பெயர் பெரிது, அதன் பின்னே படர்ந்திருந்த இருளும் பெரிது! 1986இல் நடந்த ஒரு கொலை வழக்கிலே, ஜூரியாக அமரத் தகுதி பெற்ற கருப்பினத்தவர் 11 பேரில் 10 பேரை அரசுத் தரப்பு நீக்கிற்று. நிறம் பார்த்து நீக்கியது முறையன்று என உச்சநீதிமன்றம் தீர்ப்புரைக்க 2005ஆம் ஆண்டு வரவேண்டியிருந்தது.

அந்தப் பதவிக்கு 2002இல் போட்டியிட்டுத் தோற்றார் கிரெய்க் வாட்கின்ஸ் எனும் கருப்பின வழக்கறிஞர். துவண்டாரில்லை. 2006இல் வென்றார். டெக்சாஸ் வரலாற்றில் அப்பதவிக்குத் தேர்ந்தெடுக்கப்பட்ட முதல் கருப்பினத்தவர் அவரே. அவருடைய கொள்ளுப்பாட்டனார் 1932இல் அதே மாநிலத்தின் மின் நாற்காலியில் மாண்டவர். பேரன் பழி தீர்க்க வந்தாரா? இல்லை, பிழை தீர்க்க வந்தார்!

2007இல் பழைய தீர்ப்புகளை மறு ஆய்வு செய்யத் தனிப்பிரிவு ஒன்றை அமைத்தார். தூசு படிந்த வழக்குக் கட்டுகள் அவிழ்க்கப்பட்டன. டல்லஸ் ஆய்வுக்கூடம் பழைய தடயங்களை வீசி எறியாமல் காத்து வைத்திருந்தது. அவை மரபணுச் சோதனைக்குச் சென்றன. "கண்ணால் கண்டேன்" என்ற சாட்சியைவிடக் கண்ணுக்குத் தெரியாத அணு உண்மையை உரக்கச் சொல்லிற்று.

ஜேம்ஸ் உட்டார்ட் என்பவர் செய்யாத கொலைக்காக 1981இல் ஆயுள் தண்டனை பெற்றவர். குற்றத்தை ஒப்புக்கொண்டிருந்தால் முன்னரே வெளிவர வழி பிறந்திருக்கும். செய்யாததைச் செய்தேன் என்று சொல்ல அவர் மறுத்தார். 27 ஆண்டுகளுக்குப் பின், 2008இல், அவர் வெளியே வந்தார். வாட்கின்ஸ் காலத்தில் இவ்வாறு மீண்டோர் 25க்கும் மேற்பட்டோர். சிறைக் கதவைத் திறந்தது வேண்டுதலா? அன்று, சோதனைக் குழாய்!

வாட்கின்ஸ் குறையற்றவர் என நாம் கூறவில்லை. பறிமுதல் நிதியைத் தம் கார் விபத்துச் செலவுக்குச் செலவிட்டார் என்ற புகார் எழுந்தது. 2010இல் மீண்டும் வென்றவர், 2014இல் தோற்றார். 2023இல், 56ஆம் வயதில், மறைந்தார். ஆயினும் அவர் அமைத்த பிரிவு அவரோடு போகவில்லை. பிற மாவட்டங்களும் அதைப் பின்பற்றின.

தீர்ப்பு மனிதர் எழுதுவது. ஆகவே அது தவறக்கூடும். தவறிவிட்டோம் என்று அரசே சொன்னால் சட்டத்தின் மதிப்புக் குறைந்துவிடும் என்பர் சிலர். நிரபராதியைச் சிறையில் வைத்துக் காக்கப்படும் மதிப்பு, மதிப்பாகுமா? நாம் கேட்கிறோம், டல்லஸ் விடை சொல்லிவிட்டது.