சாய்ந்த வண்டி

சென்ற கோடையில் என் மருமகன் தன்னுடைய புதுப் பந்தயச் சைக்கிளை என் கையில் கொடுத்து, "மாமா, ஒரு தடவை ஓட்டித்தான் பாருங்களேன்" என்றான். அருப்புக்கோட்டையை விட்டுத் திருச்சுழிச் சாலையில் கொஞ்ச தூரம் போய், காட்டுப் பாதையில் இறங்கினேன். மழையில் வண்டித் தடம் பதிந்து, வெயிலில் செங்கல்லாய் இறுகிக் கிடந்த கரிசல் மண். கால் மைல் போவதற்குள் மணிக்கட்டும் இடுப்பும் முறையிட ஆரம்பித்துவிட்டன. இதே தடத்தில் என் தகப்பனாரின் கறுப்பு ஹெர்குலிஸில் நூல் மூட்டையோடு எத்தனையோ தடவை போனவன் நான். அப்போது வயது இருபது என்பதையும் சொல்லிவிட வேண்டும்.

வீடு திரும்பியதும் இரண்டு வண்டிகளையும் திண்ணையோரம் நிறுத்தி அளந்தேன். சக்கரத்துக்குச் சக்கரம், அச்சிலிருந்து அச்சு, பழையதில் 45 அங்குலம், புதியதில் 39. சீட்டைத் தாங்கும் குழாயும் ஹாண்டில்பார் இறங்கும் குழாயும் பழையதில் தரைக்கு 67 டிகிரி போலச் சாய்ந்திருந்தன, புதியதில் 73.

ஆறு டிகிரி சாய்வு செய்கிற வேலை கொஞ்சமல்ல. சீட்டுக் குழாய் பின்னால் சாய்ந்தால் ஆளின் கனம் கையை விட்டுச் சீட்டுக்குப் போய்விடுகிறது. அங்கே தோலும் சுருள் வில்லும் அதை ஏந்திக்கொள்கின்றன. முன் போர்க்கும் சாய்ந்து, நுனியில் இன்னும் முன்னே வளைந்திருக்கிறது. மண்கட்டியில் சக்கரம் இடிக்கும்போது அது மூங்கில் மாதிரிச் சற்று வளைந்து கொடுக்கிறது. நிமிர்ந்த போர்க்குக்கு அந்தத் தாட்சண்யம் குறைவு. வண்டி நீளமாக இருப்பதால் ஒரு சக்கரம் துள்ளினாலும் ஆளுக்கு வந்து சேருவது அதில் ஒரு பங்குதான். ஒன்றரை அங்குல டயருக்கும் இந்தப் புண்ணியத்தில் பெரும் பாகம் உண்டு.

1885-ல் இங்கிலாந்தில் கவென்ட்ரி நகரத்து ஜான் கெம்ப் ஸ்டார்லி 'ரோவர்' சைக்கிளைக் கொண்டுவந்தார். 1888-ல் டன்லப் காற்றடைத்த டயரைச் செய்தார். அன்றைய பாதைகளுக்குச் சாய்ந்த சட்டமே பொருந்தியது. பிறகு அங்கே தார் ரோடு பரவப் பரவ, பந்தய வண்டிகள் நிமிர்ந்தன, குறுகின. கறுப்பு வண்டி மட்டும் சாய்ந்தபடியே கப்பலேறி நம் ஊர்களுக்கு வந்தது. முருகப்பா குழுமத்தார் இங்கிலாந்தின் டியூப் இன்வெஸ்ட்மெண்ட்ஸோடு கூட்டுச் சேர்ந்து 1949-ல் டி.ஐ. சைக்கிள்ஸ் தொடங்கி, அம்பத்தூரில் ஹெர்குலிஸ் செய்தபோதும் அந்தச் சாய்வு போகவில்லை. இதைச் சோம்பல் என்பார் உண்டு. எனக்குச் சம்மதமில்லை. எங்கள் பாதை மாறாதபோது வண்டி எதற்காக மாறும்? நெசவாளர்கள் பாவையும் புடவைக் கட்டையும் ஏற்றினார்கள். தண்ணீர்ப் பஞ்சத்தில் காரியரின் இருபுறமும் குடங்கள் தொங்கின. குட்டையான வண்டியாக இருந்தால் முன் சக்கரம் ஆகாயத்தைப் பார்த்திருக்கும்.

குறை இல்லாமல் இல்லை. இருபது கிலோவை நெருங்கும் இரும்பு. நிமிர்ந்து உட்கார்ந்து ஆடிக் காற்றை எதிர்த்து மிதிப்பது சுவரைத் தள்ளுவதற்குச் சமானம். மேல் குழாய்க்குக் கால் எட்டாத நாங்கள், முக்கோணத்துக்குள் காலை விட்டுக் குரங்குப் பெடல் போட்டு முட்டி பெயர்ந்தோம்.

அந்த வண்டியைப் பழைய இரும்புக்குப் போடலாம் என்று வீட்டில் முடிவாகியிருந்தது. மறுநாள் காலையில் மருமகன் அதற்குக் காற்றடித்து, சங்கிலிக்கு எண்ணெய் விட்டு, "திருச்சுழி வரைக்கும் போய்விட்டு வருகிறேன், மாமா" என்று கிளம்பினான். பொழுது சாய்ந்துதான் திரும்பினான். இரும்புக்காரர் மூன்று நாள் கழித்து வந்தபோது வண்டி வீட்டில் இல்லை. மருமகன் மறுபடியும் எடுத்துக்கொண்டு போயிருந்தான்.