மருத்துவச்சியின் கையும் தாதிப் பயிற்சியும்

திருத்தணிகைக்கு முடிக் காணிக்கை செலுத்த வரும் அடியார் நம் குலத்து ஆடவரின் கையை நன்கறிவர். ஆண்டின் நாள் ஒவ்வொன்றுக்கும் ஒரு படியாக 365 படிகள் உடையது என்று போற்றப்படும் அம்மலையில் குழந்தையின் முதல் முடியை இறக்குவது அக்கையே. ஆனால், அக்குழந்தை மண்ணில் வந்த பொழுது அதனை முதலில் ஏந்திய கை யாருடையது? அதுவும் நம் குலத்துக்கே உரியது. நம் பாட்டிமாராகிய மருத்துவச்சிகளின் கை அது.

அக்கையின் சரித்திரத்தை இத்திங்கள் சிறிது ஆராய எண்ணினோம். அதற்குக் காரணம் உண்டு. நம் குடும்பத்துப் பெண்ணொருத்தி தாதிப் பயிற்சிக்குச் செல்ல விரும்பினால், “நாம் விட்டொழித்த தொழிலுக்கு மீண்டும் போவதா?” என்று தடுக்கும் பெரியோர் நம்மில் இன்னும் உளர். அவர்தம் மனவருத்தம் பொருளற்றதன்று. ஆயினும் அவர் கூறும் முடிவு சரியானதா என்பதைச் சரித்திரத்தைக் கொண்டே தீர்மானித்தல் வேண்டும்.

முற்காலத்தில் ஊர்தோறும் நம் குலத்து மருத்துவச்சி இருந்தாள். நள்ளிரவாயினும் அடைமழையாயினும் ஆள் வந்து அழைத்தால் எழுந்து செல்லுதல் அவள் கடன். வேதனையுற்றவளுக்குத் தைரியம் சொல்லி, குழந்தையை ஏந்தி, கொப்பூழ்க்கொடி அறுத்து, சுக்கும் மிளகும் திப்பிலியும் சேர்ந்த மருந்து கொடுத்து, பின்னும் பல நாள் வந்து தாயையும் சேயையும் நீராட்டுவாள். அறுவடைக் களத்தில் அளக்கும் மேரையும், பேறு நடந்த வீட்டார் தரும் நெல்லும் புடவையும் வெற்றிலை பாக்குமே அவள் பெற்ற கூலி. இவ்வளவும் செய்தவளை ஊரார் எங்ஙனம் நடத்தினர்? பிள்ளை பிறக்கும் வரையில் அவள் ‘தாயே’. தீட்டுக் கழிந்த பின்னர் திண்ணைக்குக் கீழே நிற்க வேண்டியவள். இவ்விழிவே நம்மவர் நெஞ்சில் ஆறாப் புண்ணாய் நிற்கின்றது.

நிற்க. அவர்தம் தொழிலில் குறையே இல்லை என்று நாம் வாதிக்கவில்லை. பிரசவ ஜுரத்துக்கும், பிறந்த குழந்தையின் இசிவு நோய்க்கும் கண்ணுக்குத் தெரியாத கிருமிகளே காரணம் என்பதை அவர் அறியார். கொடியறுக்கும் கருவியைக் கொதிநீரில் இடவேண்டும் என்று அவர்க்குச் சொல்லுவாரும் இலர். எனினும் இவ்வறியாமை மருத்துவச்சிகளுக்கு மட்டும் உரியதன்று. ஐரோப்பாவில் வியன்னா நகரத்துப் பெரிய வைத்தியசாலையில் பிரசவப் பகுதிகள் இரண்டு இருந்தன. மருத்துவ மாணாக்கர் பழகிய பகுதியில், மருத்துவச்சிகள் பழகிய பகுதியைக் காட்டிலும் மிகுதியான தாய்மார் ஜுரங் கண்டு மாண்டனர். மாணாக்கர் பிணங்களை அறுத்துப் பார்த்த கையோடு பிரசவம் பார்க்க வந்தமையே அதற்குக் காரணம் என்று 1847-இல் செம்மல்வைஸ் என்னும் மருத்துவர் கண்டார். குளோரின் சேர்ந்த சுண்ண நீரில் கை கழுவச் செய்தபின் சாவு வெகுவாய்க் குறைந்தது. ஆதலின், குற்றம் கழுவாத கையில் இருந்ததேயன்றிக் குலத்தில் இருந்ததன்று என்பது தெளிவு.

இனி, பயிற்சி வந்த வரலாற்றைக் காண்போம். சென்னை எழும்பூரில் பிரசவ வைத்தியசாலை 1844-இல் தோன்றியது. 1854-இல் மருத்துவச்சிகளுக்குப் பயிற்சியளிக்கும் ஏற்பாடு சென்னையில் தொடங்கியது. லண்டனில் பிளாரன்ஸ் நைட்டிங்கேல் அம்மையாரின் தாதிப் பள்ளி ஏற்பட்டது 1860-இல்தான் என்பதை ஈண்டு நினைவிற் கொள்ளுதல் நலம். 1871-இல் சென்னைப் பொது வைத்தியசாலையில் தாதிப் பயிற்சி தொடங்கிற்று.

நம் பக்கத்துக்கு மிக அணித்தாய் நிகழ்ந்தது வேலூர்ச் செய்தி. இராணிப்பேட்டையில் 1870-இல் பிறந்த ஐடா ஸ்கடர் அம்மையார், இளம்பெண்ணாய்த் திண்டிவனத்தில் தம் பெற்றோரிடம் தங்கியிருந்த ஓரிரவில், தனித்தனியே மூவர் வந்து பிரசவத்தில் தவிக்கும் தம் மனைவியரைக் காக்குமாறு வேண்டினர். மருத்துவராகிய அவர் தந்தையார் ஆடவர் என்பதனால் அவரை அழைத்துச் செல்ல அம்மூவரும் இசையவில்லை. அம்மையாரோ பயிற்சி இல்லாதவர். பொழுது விடிவதற்குள் மூன்று பெண்டிரும் இறந்தனர். அத்துயரே அவரை மருத்துவம் கற்கத் தூண்டியது. 1909-இல் அவர் வேலூரில் தாதிப் பள்ளியை நிறுவினார். அவ்வாண்டில் நம் திருத்தணிகையும் வேலூரும் ஒரே வட ஆர்க்காடு ஜில்லாவில் அடங்கியிருந்தன. 1946-இல் அந்நிறுவனத்திலேயே தாதியர்க்குப் பட்டப் படிப்பும் தொடங்கியது.

பரம்பரை மருத்துவச்சிகளைப் பயிற்றுவிக்க எவரும் முயலவில்லை என்று கூறுதற்கில்லை. கர்ஸன் பிரபுவின் மனைவியார் 1903-இல் விக்டோரியா ஞாபகார்த்த நிதியை இதன் பொருட்டே ஏற்படுத்தினார். ஆனால் எழுத்தறியாத பெண்டிர்க்குப் புத்தகமும் பரீக்ஷையும் எட்டாக்கனியாயின. 1926-இல் சென்னை மாகாணத் தாதியர், மருத்துவச்சியர் சட்டம் பிறந்தது. அன்று முதல் பதிவேட்டில் பெயருடையோர் ஒரு வரிசையாகவும், பெயரில்லாதோர் மற்றொரு வரிசையாகவும் பிரிந்தனர். நம் பாட்டிமார் இரண்டாம் வரிசையில் நின்றனர். தொழில் அழியவில்லை, அது ஆஸ்பத்திரிக்குள் சென்றது. மாதச் சம்பளமும், வெள்ளுடையும், ‘சிஸ்டர்’ என்னும் மரியாதையும் அதனைச் சேர்ந்தன. இழிவை மட்டும் நாம் நினைவில் வைத்துக்கொண்டோம். மரியாதையைப் பிறர் பெற்றனர்.

பயின்ற தாதியர் எவ்வளவு அரியராய் இருந்தனர் என்பதற்கு ஒரு கணக்குப் போதும். 1946-இல் வெளியான போர் கமிட்டியின் அறிக்கைப்படி, இந்தியா முழுவதற்கும் ஏறத்தாழ 7,000 தாதியரே இருந்தனர். அஃதாவது 43,000 மக்களுக்கு ஒருவர்.

இன்று செவிலியர் என வழங்கப்பெறும் தாதியர் ஆவதற்குரிய வழிகளையும் இங்கே குறிப்பிடுதல் நம் கடமை. துணைச் செவிலியர் படிப்பு 2 ஆண்டு. செவிலியர் பட்டயப் படிப்பு 3 ஆண்டு. பட்டப் படிப்பு 4 ஆண்டு. இவற்றை அங்கீகாரம் பெற்ற நிலையத்தில் முடித்தோரே மாநிலச் செவிலியர் மன்றப் பதிவேட்டில் ஏற இயலும். ஈண்டு ஓர் எச்சரிக்கை. அமெரிக்காவில் மில்ட்ரெட் மாண்டாக் அம்மையார் 1951-இல் கூறிய யோசனைப்படி, சமுதாயக் கல்லூரிகளில் ஈராண்டு பயின்றோர் அரசாங்கப் பரீக்ஷையில் தேறிப் பதிவு பெற்ற தாதியர் ஆகின்றனர். நம் நாட்டில் 1995-இல் புதுச்சேரியில் தொடங்கிய சமுதாயக் கல்லூரி முறை வேறு வகையது. இங்கு அத்தகைய நிலையங்கள் தரும் குறுகிய காலச் சான்று, தாதியர்க்கு உதவியாளராய் வேலை பெறப் பயன்படும். பதிவேட்டில் பெயரை ஏற்றாது. பெயர் ஒன்றாயிருப்பது கண்டு ஏமாந்து பணம் கட்டுதல் கூடாது. முன்னொரு முறை பதிவேட்டுக்குப் புறம்பே நின்ற நாம், மறுமுறையும் அங்ஙனம் நிற்கலாமா?

திருத்தணிகைப் பெண்களுக்குத் தனிச் சிறப்பு ஒன்றுண்டு. இவ்வூர் 1911-இல் சித்தூர் ஜில்லாவிலும், 1953-இல் ஆந்திர ராஜ்யத்திலும் சேர்ந்து, 1960 ஏப்ரல் 1 முதல் சென்னை ராஜ்யத்துடன் இணைந்தது. எல்லை மாறினும் வீதியில் இரு பாஷைகளும் மாறவில்லை. தமிழும் தெலுங்கும் பேசும் பெண்ணொருத்தி, படுக்கையில் கிடப்பவரின் நோவை அவர்தம் சொல்லாலேயே அறிவாள். தமிழ்நாட்டின் மிகப் பிற்படுத்தப்பட்டோர் பட்டியலில் மருத்துவர், நாவிதர், மங்கலா என்னும் பெயர்கள் ஒருங்கே நிற்பதும், 1989-இல் அப்பட்டியலார்க்கு நூற்றுக்கு 20 இடம் ஒதுக்கப்பட்டதும் நம் குடும்பத்தார் மறவாதிருக்க வேண்டியவை.

நம் பெரியோர்க்கு நாம் பணிவுடன் சொல்லுவது இதுவே. நாம் விட்டொழிக்க வேண்டியிருந்தது இழிவை, கைத்திறனை அன்று. பேத்தி வெள்ளுடை தரித்து, கை கழுவி, பிறர் குழந்தையை ஏந்தும் பொழுது, திண்ணைக்குக் கீழே நின்ற பாட்டி அவளுருவில் வீட்டினுள் நுழைகின்றாள். அவளை வாசலில் தடுப்போர் நாமாக இராதிருப்போமாக. நம் குலச் செல்வியர் கற்றுத் தேர்ந்து முன் வருவாராக.