தூண்டிலோரத் தியானம்

1653. இங்கிலாந்தில் உள்நாட்டுப் போர் ஓய்ந்து, மன்னர் இல்லாத ஆட்சி நடந்துகொண்டிருந்தது. ஆங்கிலிக்கத் திருச்சபை ஒடுக்கப்பட்டிருந்தது. அந்த ஆண்டில்தான், லண்டனில் துணி வியாபாரம் செய்திருந்த ஐசக் வால்டன் ‘தி கம்ப்ளீட் ஆங்லர்’ என்ற நூலை வெளியிட்டார்.

தூண்டில் போடக் கற்றுத்தரும் அந்நூலில் விசுவாசமும் ஊடும் பாவுமாக ஓடுகிறது. இயேசுவின் சீடர்களில் நால்வர் மீனவர்கள் என்பதை வால்டன் பெருமையோடு நினைவூட்டுகிறார். மீன் கடிப்பது தூண்டில்காரர் கையில் இல்லை. காத்திருப்பதே அவர் வேலை. கிடைத்ததை நன்றியோடு ஏற்கும் அந்தப் பொறுமையில் கிருபையின் பாடம் இருக்கிறது.

தன் திருச்சபை தளர்ந்திருந்த நாட்களில் அந்த விசுவாசிக்கு ஆற்றங்கரை ஆறுதல் தந்தது.

1683இல், 90 வயதில் மறைந்த வால்டன் வின்செஸ்டர் பேராலயத்தில் அடக்கம் செய்யப்பட்டார். ஆற்றோரம் அமர்ந்து அவர் புத்தகம் படிக்கும் காட்சி, 1914 முதல் அங்கே வண்ணக் கண்ணாடிச் சாளரமாக ஒளிர்கிறது. அதை வழங்கியவர்கள் இங்கிலாந்து, அமெரிக்கத் தூண்டில்காரர்கள்.