பழுதுபார்த்த பட்டறைகள்

கோவையைத் தொழில்நகரம் ஆக்கியது 1930களில் வந்த பைக்காரா மின்சாரம்தான் என்பார்கள். பாதி உண்மை. 1888இலேயே ஸ்டேன்ஸ் என்ற ஆங்கிலேயரின் பஞ்சாலை எழுந்துவிட்டது; 1920இல் ஜி.டி. நாயுடு பொள்ளாச்சி–பழனி தடத்தில் பஸ் விட்டார். சீமையிலிருந்து உதிரிபாகம் கப்பலில் வரும்வரை ஆலையும் வண்டியும் காத்திருக்க முடியாது. கழற்றி, அளந்து, லேத்தில் கடைந்து, வார்ப்படம் ஊற்றி இங்கேயே செய்துகொள்ளும் வழக்கம் அந்த நெருக்கடியில் வேர்விட்டது. டார்ஜிலிங் மலையில் மானேபஞ்சாங் என்ற ஊரின் பழைய லேண்ட் ரோவர் வண்டிகளைப் பல பத்தாண்டுகள் ஓடவைத்ததும் உரிமையாளர்களின் இதே கைத்திறன்தான்.

வேறு வழியின்றிச் செய்த ஒட்டுவேலைதானே என்று ஒதுக்கலாம். ஆனால் பற்றாக்குறை நாடெங்கும் இருந்தது. கொங்கிலோ பழுதுபார்த்த கைகள் பம்புசெட் வார்ப்பதுவரை போயின. மின்சாரம் மோட்டாரைச் சுழற்றியது. அதைப் பிரித்து மாட்டக் கற்றுத்தந்தவை பட்டறைகளே.