மருத்துவச்சி: பெயரும் பதிவேடும்

என் அம்மா நாலு பிள்ளை பெற்றாள். நாலையும் எடுத்தவள் ஒருத்திதான். அவள் பெயரை அம்மா சொல்லி நான் கேட்டதில்லை. மருத்துவச்சி என்பாள், அவ்வளவே. நாவிதர் குடும்பத்துப் பெண். கொல்லை வழியாக வருவாள். தீட்டுக் கழிந்ததும் நெல்லும் புடவையும் வாங்கிக்கொண்டு கொல்லை வழியாகவே போவாள்.

மருத்துவன் என்பதன் பெண்பால் மருத்துவச்சி. வைத்தியம் அறிந்தவள் என்பதே பொருள். புழக்கத்தில் அது சாதியின் இன்னொரு பெயராகிவிட்டது.

சென்னைப் பிரசவ ஆஸ்பத்திரி 1844-ல் தொடங்கியது. 1854-ல் அங்கே பெண்களுக்குப் பிரசவம் பார்க்கப் பயிற்சி தரலானார்கள். பின்னர் முனிசிபாலிட்டிகளும் ஜில்லா போர்டுகளும் பயிற்சி பெற்ற மிட்வைஃபைச் சம்பளத்துக்கு வைத்தன. 1926-ல் சென்னை மாகாணம் நர்ஸ்களுக்கும் மிட்வைஃப்களுக்கும் சட்டம் இயற்றிப் பதிவேடு திறந்தது. பிரசவம் பார்ப்பவள் பெயரோடும் தகுதியோடும் அரசாங்கத்தின் காகிதத்தில் ஏறினாள். சான்றிதழ் இல்லாதவளுக்கு அதில் இடமில்லை.

இந்த இடத்தில் பழம்பெருமை பேசுவது சுலபம். என்னால் முடியாது. அம்மாவின் மூன்றாவது குழந்தை எட்டாம் நாள் பால் குடிக்க வாய் திறக்காமல், உடம்பு விறைத்துச் செத்தது. தொப்புள்கொடி அறுத்த கத்தியைக் கொதிநீரில் போட்டிருந்தால் பிழைத்திருக்கலாம். கொதிக்கவைக்கச் சொல்லித்தர அந்த வீட்டுக்கு யாரும் வந்ததில்லை. தாய் சேய் ரணஜன்னி ஒழிக்கப்பட்ட நாடாக இந்தியா ஏற்கப்பட்டது 2015-ல்தான். 2018-20 கணக்குப்படி தமிழ்நாட்டில் லட்சம் பிரசவத்துக்கு 54 தாய்மார் இறந்தார்கள். நாடு முழுவதற்கும் 97. துணை சுகாதார நிலையத்துச் செவிலியர் வீடு வீடாக நடந்ததற்கு இதில் பெரும் பங்கு உண்டு.

ஆனாலும் ஒன்று உறுத்துகிறது. 1969-ம் வருஷத்துப் பிறப்பு இறப்புப் பதிவுச் சட்டத்தின் கீழ் நிரப்பும் படிவத்தில், பிரசவத்தைக் கவனித்தது யார் என்று ஒரு கேள்வி. ஆஸ்பத்திரியா, டாக்டரோ நர்ஸோ பயிற்சி பெற்றவளோ, பாரம்பரிய மருத்துவச்சியா, உறவினரா? வகையைக் குறித்தால் போதும். டாக்டர் பெயரையும் அது கேட்பதில்லைதான். ஆனால் டாக்டர் பெயருக்கு வேறொரு பதிவேடு இருக்கிறது. தீட்டு அவளைக் கொல்லையில் நிறுத்தியது. பதிவேட்டுக்குத் தீட்டு தெரியாது. அதுவும் அவளை வெளியிலேயே விட்டது.

அம்மா போனபின் ஒருமுறை ஊருக்குப் போய் விசாரித்தேன். பெரியவர் ஒருவர் இடிந்த சுவரைக் காட்டினார். அவள் பெயர் என்ன என்றேன்.

“மருத்துவச்சி வீடுதான்” என்றார்.