பார்முலா 1 பந்தயங்களில் எரிபொருள் நிரப்புதல்

பார்முலா 1 பந்தயங்களில் எரிபொருள் நிரப்புதல் என்பது, பந்தயம் நடந்துகொண்டிருக்கும்போதே தானுந்தை நிறுத்தி அதன் தொட்டியில் மீண்டும் எரிபொருள் ஏற்றும் முறையாகும். இம்முறை 1982, 1983 ஆம் ஆண்டுகளிலும், பின்னர் 1994 முதல் 2009 வரையிலும் வழக்கில் இருந்தது. 2010 ஆம் ஆண்டு முதல் இது தடை செய்யப்பட்டுள்ளது. ஒவ்வொரு முறையும் எவ்வளவு எரிபொருள் ஏற்றுவது என்ற முடிவு பல பந்தயங்களின் வெற்றி தோல்வியைத் தீர்மானித்தது. அத்துடன், விரைவாக எரிபொருள் ஏற்ற முயன்றதால் தீ விபத்துகளும் நேர்ந்தன.

பொருளடக்கம்
1. அடிப்படைக் கணக்கு
2. வரலாறு
3. புகழ்பெற்ற பந்தயங்கள்
4. விபத்துகளும் தடையும்
5. தடைக்குப் பிந்தைய நிலை
6. இந்திய ஓட்டுநர்கள்
7. இவற்றையும் பார்க்க

அடிப்படைக் கணக்கு

எரிபொருள் என்பது எடை. எடை கூடினால் தானுந்து மெதுவாக முடுக்கம் பெறும். தடுப்பதற்கு அதிகத் தொலைவு வேண்டும். வளைவுகளில் வேகம் குறையும். டயர்களும் விரைவில் தேயும். நடுத்தர நீளமுள்ள ஓடுதளத்தில் 10 கிலோகிராம் எரிபொருள், ஒரு சுற்றுக்கு ஏறத்தாழ 0.3 நொடி தாமதத்தை உண்டாக்கும் என்பது பொறியாளர்கள் கையாளும் பொது மதிப்பீடு ஆகும்.

மறுபுறம், எரிபொருள் நிரப்ப வேண்டுமெனில் தானுந்து 'பிட்' எனப்படும் பணியிடத்துக்குள் மெதுவாக நுழைந்து, நின்று, மீண்டும் வெளியேற வேண்டும். இதில் 20 முதல் 30 நொடிகள் வரை இழக்க நேரிடும். ஆகவே குறைந்த எடையால் கிடைக்கும் ஆதாயத்தையும் நிறுத்தத்தால் ஏற்படும் இழப்பையும் ஒப்பிட்டுப் பார்க்க வேண்டும்.

எடுத்துக்காட்டாக, 60 சுற்றுகள் கொண்ட பந்தயத்தில் சுற்றுக்கு 2.5 கிலோகிராம் வீதம் மொத்தம் 150 கிலோகிராம் எரிபொருள் தேவை எனவும், ஒரு நிறுத்தத்துக்கு 25 நொடி இழப்பு எனவும் கொள்வோம். ஒவ்வொரு கட்டத்துக்கும் சம அளவு எரிபொருள் ஏற்றினால், கணக்கு பின்வருமாறு அமையும்.

- நிறுத்தம் இல்லை: தொடக்கத்தில் 150 கி.கி.; சராசரிச் சுமை 75 கி.கி.; எடையால் இழப்பு 135 நொடி; மொத்த இழப்பு 135 நொடி.
- ஒரு நிறுத்தம்: தொடக்கத்தில் 75 கி.கி.; சராசரிச் சுமை 37.5 கி.கி.; எடையால் இழப்பு 67.5 நொடி, மொத்த இழப்பு 92.5 நொடி.
- இரண்டு நிறுத்தங்கள்: தொடக்கத்தில் 50 கி.கி.; சராசரிச் சுமை 25 கி.கி.; எடையால் இழப்பு 45 நொடி; மொத்த இழப்பு 95 நொடி.
- மூன்று நிறுத்தங்கள்: தொடக்கத்தில் 37.5 கி.கி.; சராசரிச் சுமை 18.75 கி.கி.; எடையால் இழப்பு 33.75 நொடி, மொத்த இழப்பு 108.75 நொடி.

முதல் நிறுத்தத்தால் கிடைக்கும் ஆதாயம் பெரிது. அடுத்தடுத்த நிறுத்தங்களால் கிடைப்பது குறைந்துகொண்டே செல்வதை இதிலிருந்து அறியலாம். ஒரு நிறுத்தத்துக்கும் இரண்டு நிறுத்தங்களுக்கும் இடையே உள்ள வேறுபாடு 2.5 நொடி மட்டுமே. எனவே புதிய டயர்களின் வேகம், முந்திச் செல்ல வாய்ப்புள்ள ஓடுதளமா என்பது, போட்டி அணிகளின் திட்டம் ஆகியவையே இறுதி முடிவைத் தீர்மானித்தன.

வரலாறு

1957 ஆம் ஆண்டு நியூர்பர்கிரிங் ஓடுதளத்தில் நடைபெற்ற ஜெர்மன் கிராண்ட் பிரீ பந்தயம் இவ்வுத்திக்கு முன்னோடியாகக் கருதப்படுகின்றது. அர்கெந்தீனாவைச் சேர்ந்த குவான் மானுவல் ஃபாஞ்சியோ தமது மாசராட்டி தானுந்தில் பாதியளவு எரிபொருளுடன் புறப்பட்டார். நிறுத்தமின்றி ஓடத் திட்டமிட்டிருந்த ஃபெராரி ஓட்டுநர்களைவிட அவர் முன்னேறிச் சென்றார். ஆனால் எரிபொருளும் டயர்களும் பெற நின்றபோது எதிர்பார்த்ததைவிட அதிக நேரம் செலவானது. பின்தங்கிய அவர், பந்தயத்தின் இறுதிப் பகுதியில் மைக் ஹாதார்ன், பீட்டர் காலின்ஸ் ஆகிய இருவரையும் முந்தி வென்றார்.

1982 இல் பிரபாம் அணியின் வடிவமைப்பாளர் கார்டன் மறி இவ்வுத்தியை மீண்டும் கொண்டுவந்தார். அவ்வாண்டின் ஆஸ்திரியப் பந்தயத்தில் இது செயற்படுத்தப்பட்டது. 1983 இல் பிற அணிகளும் இதனைப் பின்பற்றின. பாதுகாப்புக் கருதி 1984 இல் இம்முறை தடை செய்யப்பட்டு, தொட்டியின் அளவு 220 லிட்டராக வரையறுக்கப்பட்டது. வரம்பு கொள்ளளவில் இருந்தமையால், எரிபொருளைக் குளிர்வித்துச் சுருக்கி, அதே தொட்டியில் சற்று அதிக எடையை ஏற்றும் வழியை அணிகள் கண்டறிந்தன.

அக்காலத்தில் எரிபொருள் தீர்ந்து நிற்பது வழக்கமான காட்சியாயிற்று. 1985 ஆம் ஆண்டு சான் மரீனோ பந்தயத்தில் முன்னணியில் இருந்த அயர்டன் சென்னாவின் தானுந்து சில சுற்றுகளே எஞ்சிய நிலையில் எரிபொருள் இன்றி நின்றது. அடுத்து முன்னிலை பெற்ற ஸ்டெஃபான் யோஹான்சனுக்கும் அதே நிலை ஏற்பட்டது. முதலில் எல்லைக் கோட்டைக் கடந்த அலன் புரோஸ்ட், தானுந்தின் எடை குறைவாக இருந்ததால் தகுதி நீக்கம் செய்யப்பட்டார். வெற்றி எலியோ டி ஆஞ்சலிசுக்குச் சென்றது.

1994 இல் எரிபொருள் நிரப்புதல் மீண்டும் அனுமதிக்கப்பட்டது. எல்லா அணிகளும் ஒரே வகைக் கருவியைப் பயன்படுத்த வேண்டும் என விதிக்கப்பட்டது. இக்கருவி நொடிக்கு ஏறத்தாழ 12 லிட்டர் வீதம் எரிபொருளைச் செலுத்தியது.

புகழ்பெற்ற பந்தயங்கள்

1998 ஆம் ஆண்டு அங்கேரியப் பந்தயத்தில் ஃபெராரி அணியின் ராஸ் பிரான், மைக்கேல் சூமாக்கரின் திட்டத்தை இரண்டு நிறுத்தங்களிலிருந்து மூன்றாகப் பந்தயத்தின் நடுவே மாற்றினார். முந்துவதற்குக் கடினமான ஹங்கரோரிங் ஓடுதளத்தில், குறைந்த எரிபொருளுடன் தொடர்ந்து வேகமாக ஓடிய சூமாக்கர், முன்னால் இருந்த மெக்லாரன் தானுந்துகளைப் பின்தள்ளி வென்றார். 2004 ஆம் ஆண்டு பிரெஞ்சுப் பந்தயத்தில் அவர் நான்கு நிறுத்தங்கள் செய்து, மூன்று முறை நின்ற பெர்னாண்டோ அலோன்சோவை வென்றார். மேலே காட்டிய எளிய கணக்கின்படி இத்திட்டம் இழப்பையே தரவேண்டும். ஆனால் மெதுவான தானுந்தின் பின்னால் சிக்கிக்கொள்ளாமல் வெற்றிடத்தில் ஓடுவதன் மதிப்பு அக்கணக்கில் அடங்குவதில்லை.

விபத்துகளும் தடையும்

- 1983, பிரேசில்: கேக்கே ரோஸ்பர்கின் தானுந்து எரிபொருள் நிரப்பும்போது தீப்பற்றியது. அவர் வெளியே குதித்து, தீ அணைக்கப்பட்டபின் மீண்டும் ஓட்டினார்.
- 1994, ஜெர்மனி: ஹாக்கன்ஹைமில் யோஸ் வெர்ஸ்டாப்பனின் பெனட்டன் தானுந்தின்மீது எரிபொருள் சிந்திப் பெருந்தீ மூண்டது. ஓட்டுநரும் பணியாளர் சிலரும் தீக்காயம் அடைந்தனர். நிரப்பும் கருவியிலிருந்து வடிகட்டி ஒன்று அகற்றப்பட்டிருந்தது பின்னர் தெரியவந்தது.
- 2008, சிங்கப்பூர்: முன்னிலையில் இருந்த ஃபெலிப்பே மாசா, பச்சை விளக்கைக் கண்டு, குழாய் இணைந்திருக்கும்போதே புறப்பட்டார். 13 ஆவது இடத்தையே பெற்ற அவர், அவ்வாண்டின் பட்டத்தை ஒரு புள்ளி வேறுபாட்டில் லூயிஸ் ஹாமில்ட்டனிடம் இழந்தார்.
- 2009, பிரேசில்: ஹெய்க்கி கோவலைனன் குழாயை இழுத்துச் சென்றபோது சிந்திய எரிபொருள், பின்னால் வந்த கிமி ரைக்கோனனின் தானுந்தருகே தீப்பற்றியது.

செலவைக் குறைக்கும் நோக்கமும் பாதுகாப்பும் கருதி 2010 முதல் பந்தயத்தின்போது எரிபொருள் நிரப்புவது தடை செய்யப்பட்டது. அமெரிக்காவின் இண்டிகார், நாஸ்கார் பந்தயங்களில் இம்முறை தொடர்கின்றது.

தடைக்குப் பிந்தைய நிலை

தடைக்குப் பின் அணிகள் டயர்களை மாற்றுவதற்கே நிற்கின்றன. இதற்கு இரண்டு, மூன்று நொடிகளே போதும். 2023 இல் கட்டார் பந்தயத்தில் மெக்லாரன் அணி 1.80 நொடியில் டயர் மாற்றியது. இருப்பினும் தொடக்கத்தில் எவ்வளவு எரிபொருள் ஏற்றுவது என்ற சிக்கல் நீங்கவில்லை. முழு வேகத்தில் ஓடத் தேவையானதைவிடச் சற்றுக் குறைவாகவே அணிகள் ஏற்றுவதுண்டு. நேர்ச்சாலையின் முடிவில் முடுக்கியிலிருந்து காலை முன்னதாகவே எடுத்து, ஓட்டுநர்கள் எரிபொருளை மிச்சப்படுத்துவர்.

2014 இல் ஒரு பந்தயத்துக்கான உச்ச வரம்பு 100 கிலோகிராம் என விதிக்கப்பட்டது. இது 2017 இல் 105 ஆகவும், 2019 இல் 110 ஆகவும் உயர்த்தப்பட்டது. வெப்பநிலைக்கு ஏற்பக் கொள்ளளவு மாறும், எடை மாறாது என்பதால், இவ்வரம்பு லிட்டரில் அல்லாமல் கிலோகிராமில் அமைந்தது.

பந்தயம் முடிந்தபின் சோதனைக்காக ஒரு லிட்டர் எரிபொருள் எஞ்சியிருக்க வேண்டும் என்பதும் ஒரு விதியாகும். 2021 ஆம் ஆண்டு அங்கேரியப் பந்தயத்தில் இரண்டாம் இடம் பெற்ற செபாஸ்டியன் வெட்டலின் தானுந்திலிருந்து 0.3 லிட்டரே எடுக்க முடிந்ததால், அவர் தகுதி நீக்கம் செய்யப்பட்டார்.

இந்திய ஓட்டுநர்கள்

பார்முலா 1 இல் பங்குபற்றிய முதல் இந்தியரான கோயம்புத்தூரைச் சேர்ந்த நரேன் கார்த்திகேயன், 2005 இல் ஜோர்டான் அணிக்காக ஓட்டினார். அவ்வாண்டு பந்தயத்தின் நடுவே டயர் மாற்றுவதற்குத் தடை இருந்தது. எரிபொருள் நிரப்ப அனுமதி இருந்தது. சென்னையைச் சேர்ந்த கருண் சந்தோக் 2010 இல் அறிமுகமானபோது விதி நேர்மாறாகி, டயர் மாற்ற மட்டுமே நிற்க வேண்டியிருந்தது.

இவற்றையும் பார்க்க
- பார்முலா 1
- கிராண்ட் பிரீ
- நரேன் கார்த்திகேயன்
- மைக்கேல் சூமாக்கர்